சிவப்பு இலைக்கு ஒரு சிலிண்டர்

பெண் வீட்டுக்காரர்கள் விசாரிக்க வந்தால் நேராக மாப்பிள்ளை வீட்டுக்கு வரமாட்டார்கள். டீக்கடைக்குத்தான் போவார்கள். ஒரு டீயைச் சொல்லிவிட்டு, இந்தப் பக்கம் காடு கழனி ஏதும் விலைக்கு வருகிறதா என்று எதையோ கேட்பது மாதிரி ஆரம்பித்து, டீ ஆறுவதற்குள் மாப்பிள்ளை குடிப்பானா, அவன் அம்மாவுக்கு வாய் எப்படி, பங்காளிச் சண்டை உண்டா என்பது வரைக்கும் கறந்துகொண்டு போய்விடுவார்கள். டீக்கடையில் இருப்பவர்களுக்கும் வந்திருப்பது யார், எதற்கு என்று தெரியும். தெரிந்துகொண்டே தெரியாத மாதிரி பதில் சொல்வதில் அவர்களுக்கு ஒரு தனி சுகம். பாப்பாரப்பட்டியிலிருந்து உள்ளே போகிற ரோட்டில், மாதேஷ் வீட்டுக்கு எதிரில் இருக்கிற டீக்கடையில் இந்த வேலை ரொம்ப வருஷமாக நடக்கிறது. அவனுக்குப் பார்த்த சம்பந்தங்களில் பாதிக்கு மேல் அந்த பெஞ்சோடு நின்று போனவைதான்.

மாதேஷிடம் குறை என்று சொல்ல ஒன்றும் இல்லை. முப்பதைத் தாண்டிவிட்டான், அவ்வளவுதான். சாமந்தி போடுவான், ராகி போடுவான், வரப்பு வெட்ட ஆள் தேடாமல் தானே வெட்டுவான். பீடி, பாட்டில் எதுவும் கிடையாது. அப்பா போன பிறகு அம்மா சாலம்மாளை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை. பேசினால் மீள முடியாது என்பது வேறு விஷயம். இப்படிப்பட்டவனுக்கு வரிசையில் நின்று பெண் கொடுக்க வேண்டாமா? காலம் எப்படிக் கெட்டுக் கிடக்கிறது பாருங்கள். ஓசூரில் ஏதாவது ஒரு கம்பெனி கேட்டில் நின்று சலாம் போடுகிறவன் என்றாலும் சரி, காட்டுக்காரன் மட்டும் வேண்டாமாம். காட்டில் விளைந்ததை மூன்று வேளையும் தின்றுகொண்டே இதைச் சொல்கிறார்கள்.

இந்த எரிச்சலை மறக்கத்தான் மாதேஷ் மீன் தொட்டி வைத்தான் என்று ஊரில் சொல்வார்கள். அது பொய். பெங்களூருக்குப் பூ கொண்டுபோன ஒருநாள், மார்க்கெட்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு கடையின் கண்ணாடித் தொட்டிக்குள் அந்தச் செடியைப் பார்த்தான். தண்ணீருக்கு அடியில் நீண்டு கூர்ந்த இலைகள், ஒவ்வொன்றும் வெற்றிலை போட்ட வாய் மாதிரி சிவப்பு. வாள் செடி என்று பெயராம், எங்கேயோ வெளிநாட்டு ஆற்றங்கரைச் செடியாம், அதில் இது சிவப்பு ரகமாம். பச்சையையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது என்னவோ செய்துவிட்டது. கடைக்காரர் சின்னச் சட்டியில் இருந்த ஒரு கன்றை எடுத்துக் கொடுத்தார். அதையும் ஒரு தொட்டியையும் நாலைந்து குட்டி மீன்களையும் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தான்.

சாலம்மாள் தொட்டியைச் சுற்றி வந்து பார்த்தாள். கடைந்தால் குழம்புக்கு ஆகுமா என்று கேட்டாள். ஆகாது. மாடு தின்னுமா? தின்னாது. பூவாவது பூக்குமா, தலையில் வைக்கலாமா? எப்போதாவது பூக்கும், வைக்க முடியாது. அப்புறம் எதற்கு இந்தப் பாசியை வீட்டுக்குள் கொண்டுவந்தாய் என்று கடைசியாகக் கேட்டாள். சும்மா பார்ப்பதற்கு என்று சொல்ல அவனுக்கு வெட்கமாக இருந்தது.

பார்ப்பதற்கும் வழியில்லாமல் போனது. வந்த சில நாளிலேயே இலைகள் ஒவ்வொன்றாக வெளுத்து, ஓட்டை விழுந்து, கூழாகக் கரைந்தன. காட்டுக்காரன் ஆயிற்றே, பதறிப்போய்ச் செடியைப் பிடுங்கிப் பார்த்தான். வேர் வெள்ளை வெளேரென்று நன்றாகவே இருந்தது. போனில் தேடித் துழாவியபோதுதான் சங்கதி தெரிந்தது. பண்ணையில் இந்தக் கன்றை வளர்ப்பது ஈர மண்ணில், காற்றில். தண்ணீருக்குள் போனதும் காற்றில் விட்ட இலையெல்லாம் கழிந்து, தண்ணீருக்கென்று புது இலை விடுமாம். அது அதன் வழக்கம். ஆனால் மாதேஷ் தன் வழக்கத்தில் ஒரு தப்பு செய்திருந்தான். தக்காளி நாற்றை ஊன்றுகிற மாதிரி குருத்து வரைக்கும் மணலில் புதைத்து, மேலே ஒரு அழுத்தும் அழுத்தியிருந்தான். வாள் செடிக்குக் குருத்து வெளியே தெரிய வேண்டும், இல்லாவிட்டால் அழுகிவிடும். தூக்கி நட்டான். ஒருநாள் காலையில் விரல் நுனி அளவுக்கு ஒரு குருத்து எட்டிப் பார்த்தது, செம்பு நிறத்தில். அன்றைக்கு அவன் பூ பறிக்க ஆள் வந்து காத்திருப்பதைக்கூட மறந்துவிட்டான்.

அப்புறம் அதற்குப் பசி வந்தது. இது வேரால் தின்கிற செடி என்று போனில் போட்டிருந்தார்கள். இரும்புச் சத்து இல்லாமல் இலை வெளிறியது. நம் செம்மண்ணில் இல்லாத இரும்பா? காட்டு மண்ணைச் சலித்து, பிசைந்து, கோலிக்குண்டு அளவுக்கு உருட்டி, நிழலில் காயவைத்து வேரடியில் சொருகினான். மகனுக்குக் களி உருண்டை பிடிக்க நான் இருக்கிறேன், பாசிக்கு உருண்டை பிடிக்க என் மகன் இருக்கிறான் என்று சாலம்மாள் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். செடி அதையும் தின்று இலையைப் பெரிதாக்கியது. ஆனால் நிறம் மட்டும் காய்ந்த புளியங்காய் மாதிரி பழுப்பிலேயே நின்றது. வெளிச்சம் கூட்டினான், அப்பவும் அப்படித்தான். கடைத்தொட்டியில் பார்த்த அந்தச் சிவப்பு வேண்டுமென்றால் தண்ணீரில் கரியமில வாயு விட வேண்டும் என்றார் கடைக்காரர் போனில். அதற்கு ஒரு சிலிண்டர் வேண்டும்.

சிலிண்டருக்கு முன்னால் ஒரு சம்பந்தம் வந்து போனது. பென்னாகரம் பக்கத்துப் பெண்ணின் அப்பா நேராக மாதேஷ் வீட்டுக்கே வந்தார், தொட்டியைப் பார்த்தார். மாப்பிள்ளைக்கு இன்னும் விளையாட்டுப் புத்தி போகவில்லையே என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். போனவர் போனவர்தான். அன்றைக்கு சாலம்மாள் ஒரு சட்டம் போட்டாள். இனிமேல் எந்தச் சம்பந்தக்காரர் காதிலும் இந்தப் பாசி விஷயம் விழக்கூடாது. தொட்டி பக்கத்து அறைக்குப் போனது.

அதன் பிறகுதான் அரூர்ப் பக்கத்திலிருந்து அன்பரசி வந்தாள். அதாவது, இவர்கள் போய்ப் பார்த்தார்கள். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. அப்பா இல்லாத பெண். தாய்மாமன் முனிராஜ்தான் வளர்த்து, படிக்கவைத்து, எல்லாம் பார்க்கிறவர். அவர் தலையசைக்காமல் அந்த வீட்டில் ஒன்றும் நடக்காது. இரண்டு பேரும் பேசிக்கொள்ளட்டும் என்று கொல்லைப் பக்கம் விட்டபோது, காட்டு வேலை இல்லாத நேரத்தில் என்ன செய்வீர்கள் என்று அன்பரசி கேட்டாள். மாதேஷுக்குச் செடி நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அம்மா போட்ட சட்டம் ஞாபகம் வந்து, டிவி பார்ப்பேன் என்று சொல்லிவைத்தான். என்ன பார்ப்பீர்கள் என்று அடுத்ததாகக் கேட்டாள். அவன் முழித்தான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இவளைக் கட்டிக்கொள்ளாவிட்டால் இனி வேறு யாரையும் கட்டிக்கொள்ளத் தோன்றாது என்று அவனுக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது.

அந்தச் சந்தோஷம் சும்மா இருக்க விடுமா? பாப்பாரப்பட்டியில் சோடா போடுகிறவரிடம் அதே கரியமில வாயு சிலிண்டர் கூடுதலாக ஒன்று இருந்தது. மறுவாரமே அதைக் கேட்டு வாங்கி, மொபட்டின் பின்னால் நிற்கவைத்து, வெயிலில் சூடாகக் கூடாதே என்று போர்வையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு வந்தான். அப்போது அவனுக்கு நல்ல சளி. ரோட்டுப் புழுதிக்கு மாஸ்க் வேறு போட்டிருந்தான். டீக்கடை எதிரில் வண்டியை நிறுத்தி, நாலு இருமு இருமிவிட்டு, சிலிண்டரைத் தோளில் தாங்கி இறக்கினான். வீட்டில் யாருக்கு என்று பெஞ்சிலிருந்து ஒருவர் கேட்டார். செடிக்கு என்று சொன்னால் ஊர் முழுக்கச் சிரிக்கும். "ஒரு அவசரத்துக்கு இருக்கட்டும்னுதாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். இதைவிட மோசமான பதிலை யோசித்துச் சொல்லியிருந்தாலும் சொல்லியிருக்க முடியாது.

சிலிண்டரிலிருந்து ஒரு மெல்லிய குழாய் தொட்டிக்குள் போனது. முதல் நாள் ஆசைப்பட்டு வால்வைக் கொஞ்சம் அதிகமாகத் திறந்துவிட்டான். குட்டி மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மூச்சு முட்டிச் சாகப் பார்க்கின்றன என்று புரிந்து, குழாயைப் பிடுங்கி, தண்ணீரை மாற்றி, ஒருவழியாகக் காப்பாற்றினான். அந்தப் பயம் அவனுக்கு அப்புறம் போகவே இல்லை. அதன் பிறகு குமிழி ஒவ்வொன்றாக மட்டுமே விட்டான். செடி கேட்டது அதைத்தான் போலிருக்கிறது. அடுத்து வந்த இலை சிவந்தது, அதற்கடுத்தது இன்னும் சிவந்தது. மத்தியான வெளிச்சத்தில் இலை விளிம்பெல்லாம் பொடிப்பொடியாக மூச்சுக் குமிழ்கள் ஒட்டி நின்று, ஒவ்வொன்றாகக் கழன்று மேலே போகும். அதைப் பார்த்துக்கொண்டு கையில் சோற்றுத் தட்டோடு அவன் உட்கார்ந்திருக்கிற அழகை அன்பரசி பார்க்க வேண்டும் என்று அவனுக்கு ஆசையாக இருந்தது. பார்த்தால் ஓடிவிடுவாளோ என்று பயமாகவும் இருந்தது.

இதற்கிடையில் ஒருநாள் முனிராஜ் அந்த டீக்கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்து, காடு விலைக்கு வருமா என்று விசாரித்துவிட்டுப் போயிருக்கிறார். மாதேஷுக்கு இது அப்போது தெரியாது. பையன் தங்கமான பையன் என்றுதான் பெஞ்சில் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் பாவம், மூச்சுக் கோளாறு போலிருக்கிறது, ஆக்சிஜன் சிலிண்டர் வாங்கி வைத்திருக்கிறான் என்று ஒருவர் சொல்ல, இருமல் நம் காதாலேயே கேட்டோம் என்று இன்னொருவர் சொல்ல, இல்லை, ராத்திரியில் ஜன்னல் வழியாக 'களக் களக்' என்று சத்தம் வருகிறது, உள்ளே யாரோ படுத்த படுக்கையாக இருக்கிறார்கள் என்று மூன்றாமவர் சொல்லியிருக்கிறார். அந்தச் சத்தம் தொட்டித் தண்ணீரை வடிகட்டுகிற மோட்டார் போடுவது. ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை. எல்லோரும் கண்டதையும் கேட்டதையும்தான் சொன்னார்கள், அதுதான் கொடுமை.

வேறு யாராவது என்றால் அத்தோடு வேண்டாம் என்று தரகரிடம் சொல்லியிருப்பார்கள். முனிராஜ் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருகிறோம் என்று சொல்லியனுப்பினார். சாலம்மாளுக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டை மெழுகிக் கழுவினாள். தொட்டி இருந்த அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகினாள். மீன் வாடை வந்துவிடக் கூடாதே என்று வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டாள். போட்டாள் என்றால் கொஞ்ச நஞ்சமில்லை. கூடத்தில் நின்றால் எதிர்ச் சுவர் மங்கலாகத்தான் தெரிந்தது.

முனிராஜும் அவர் மனைவி கோகிலவாணியும் காரில் வந்து இறங்கினார்கள். பெண் வரக்கூடாது என்பதால் அன்பரசி ஓசூரில் இருந்தாள். ஆனால் இந்தக் காலத்தில் வராமலே வந்துவிடலாம் அல்லவா? கோகிலவாணி வீடியோ காலைப் போட்டுப் போனைக் கையில் பிடித்துக்கொண்டு, கண்ணு, இதுதான் கூடம், இதுதான் சமையக்கட்டு என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தாள். மாதேஷ் போனுக்கு நேராக வரும்போதெல்லாம் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

முனிராஜ் வந்ததும் உட்காரவில்லை. காட்டைப் பார்த்துவிடலாம் என்றார். காட்டுக்குப் போகிற வழி மேடு. அதில் அவர் ஏதோ பஸ்ஸைப் பிடிக்கப் போகிற மாதிரி வேகமாக நடந்தார். நடந்துகொண்டே சாமந்தி ரகம் என்ன, உரம் என்ன, ராகிக்கு எத்தனை உழவு என்று மூச்சு விடாமல் கேட்டார். பதில் சொல்கிறவன் வாயையே உற்றுப் பார்த்தார். அப்புறம் ஒரு தென்னை மரத்தடியில் நின்று, இளநீர் குடித்து நாளாகிறது என்றார். மாதேஷ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினான். இறங்கியதும் சட்டையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிடுகிற சாக்கில் அவர் அவன் நெஞ்சில் கையை வைத்து, காதைக் கிட்டத்தில் கொண்டுவந்து, கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பையன் உடம்பு வணங்கி வேலை செய்வானா என்று சோதிக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, பாஸாகிவிட வேண்டுமே என்கிற ஆர்வத்தில் மாதேஷ் கேட்காமலே இன்னொரு மரமும் ஏறி இறங்கினான். முனிராஜின் முகத்தில் குழப்பம். மூச்சு நோயாளி இப்படியா மரம் ஏறுவான்?

அப்படியென்றால் உள்ளே படுத்திருப்பது யார்?

அதைக் கண்டுபிடிக்கிற வேலையில் கோகிலவாணி வீட்டில் மும்முரமாக இருந்தாள். பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று, இது என்ன அறை என்றாள். வெங்காயம் கொட்டி வைத்திருக்கிறோம் என்றாள் சாலம்மாள். கோகிலவாணி கதவில் காதை வைத்தாள். களக் களக் என்றது. வெங்காயம் அப்படிச் சத்தம் போட்டு அவள் பார்த்ததில்லை. போனைக் கதவுக்குக் கிட்டத்தில் காட்டினாள்.

அந்த நேரம் பார்த்து ஆண்கள் இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். மேட்டில் நடந்த நடையில் முனிராஜுக்கு ஏற்கெனவே முகம் கறுத்திருந்தது. கூடத்துக்குள் நுழைந்ததும் சாம்பிராணிப் புகை வளைத்துக்கொண்டது. உட்கார்ந்தவர் முதலில் லேசாக இருமினார். அப்புறம் ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று கையால் காட்டினார். அப்புறம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். நெஞ்சுக்குள்ளிருந்து விசில் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

மாதேஷ் ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தான், தூபக்காலைத் தூக்கி வெளியே வீசினான். கோகிலவாணியின் கை புருஷன் சட்டையின் உள்பை வரைக்கும் போனது. முனிராஜ் அந்தக் கையைப் பிடித்துத் தள்ளிவிட்டார். இன்னொரு தரம் போனது, இன்னொரு தரம் தள்ளினார். ஏன் என்று மாதேஷுக்குப் புரியவில்லை. கடைசியில் அவள் எழுந்து நின்று கத்தினாள். உங்கள் வீட்டில் ஆக்சிஜன் சிலிண்டர் இருப்பது எங்களுக்குத் தெரியும், அந்தக் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது, உள்ளே படுத்திருப்பது யாராக இருந்தாலும் பரவாயில்லை, கொஞ்ச நேரம் அவர்களிடமிருந்து எடுத்து இவருக்குக் கொடுங்கள்.

சம்பந்தி ஆக வேண்டியவர் தன் வீட்டுக் கூடத்திலேயே போய்விடுவாரோ என்று சாலம்மாள் பயந்துபோனாள். மானம், சட்டம், பாசி எல்லாம் பறந்தன. இடுப்புச் சாவியை எடுத்துக் கதவைத் திறந்தாள். அவளுக்கு கேஸ் என்றால் கேஸ்தான். வாடிக் கிடந்த செடியையே இப்படித் தளதளவென்று ஆக்கியிருக்கிறது, மனுஷனை எழுப்பி உட்காரவைக்காதா? தொட்டிக்குள் கையை விட்டுக் குழாயைப் பிடுங்கினாள். சொட்டச் சொட்ட அதை இழுத்துக்கொண்டு கூடத்துக்கு வரப் பார்த்தாள். குழாய் எட்டவில்லை. அப்படியென்றால் ஆளைத் தூக்கிக்கொண்டு வாருங்கள் என்றாள்.

மாதேஷ் பாய்ந்து வந்து வால்வை அடைத்தான். சிலிண்டரை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு கதவு நிலையில் குறுக்கே நின்றான்.

"இதக் குடுக்க முடியாதுங்க" என்றான்.

கோகிலவாணி அவனையும் சிலிண்டரையும் பார்த்தாள். அறைக்குள் எட்டிப் பார்த்தாள். கட்டில் இல்லை, நோயாளி இல்லை. விளக்கு வெளிச்சத்தில் தண்ணீருக்குள் ஒரு சிவப்புச் செடி நின்றது. குழாய் அங்கிருந்துதான் வந்திருக்கிறது என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் வாயில் அடித்துக்கொண்டாள்.

"செடிக்குக் குடுக்கற மூச்ச மனுசனுக்குக் குடுக்க மாட்டியா நீ?"

சாலம்மாளும் மகனை அப்படித்தான் பார்த்தாள். நல்ல காரியம் நடக்கப் போகிற நாளில் ஒரு பாசிக்காக இப்படிக் கெடுக்கிறானே பாவி என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. மாதேஷ் பிடியை விடவில்லை. சொன்னால் அன்பரசி போய்விடுவாள். சொல்லாவிட்டால் இவர் போய்விடுவார். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்தது அவன் கண்ணில் நின்றது.

"இது ஆக்சிஜன் இல்லீங்க. நாம வெளிய வுடறோமே, அந்தக் காத்து. உள்ள இழுத்தா ஆளு செத்துருவாரு. செடிக்குத்தான் இது ஆவும். எலை செவக்கணும்னு வாங்கினேன். உங்களுக்குத் தெரிஞ்சா பைத்தியக்காரன்னு பொண்ணு குடுக்க மாட்டீங்கன்னு ஒளிச்சு வெச்சோம். நான் டிவியே பாக்கறதில்லீங்க, இதத்தான் பாக்கறேன்."

கடைசி வாக்கியத்தைக் கோகிலவாணியிடம் எதற்குச் சொன்னான் என்று யாருக்கும் புரியவில்லை. அவள் கையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த போனுக்கு மட்டும் புரிந்தது. இவ்வளவு நேரம் அதை எல்லோரும் மறந்தே போயிருந்தார்கள்.

"அத்தை, மாமா உள்பையில இன்ஹேலர் இருக்கு" என்றது போன். "அதை எடுத்துக் குடு. யார் பாத்தாலும் பரவால்ல. மொதல்ல குடு."

கோகிலவாணி புருஷன் முகத்தைப் பார்த்தாள். அன்பரசி மறுபடியும் சொன்னாள், இந்தத் தடவை அழுகைக் குரலில். அதன் பிறகுதான் கோகிலவாணி புருஷன் சட்டையில் கைவிட்டு அந்தச் சின்ன மருந்துக் குப்பியை எடுத்தாள். முனிராஜ் அதை வாயில் வைத்து அழுத்தி இழுத்த விதத்திலேயே தெரிந்தது, அது அவருக்கு இன்று நேற்றுப் பழக்கமில்லை. காற்றோட்டமாக வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். நெஞ்சுச் சத்தம் மெல்ல மெல்ல இறங்கியது. சாலம்மாள் வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கிறவரை காத்திருந்துவிட்டு, இது எத்தனை நாளாக என்று கேட்டாள்.

சின்ன வயதிலிருந்து என்றார் முனிராஜ். அவர் அம்மாவுக்கும் இருந்ததாம். தலையை நிமிர்த்தாமல் சொன்னார். மாப்பிள்ளைக்கு மூச்சு எப்படி என்று மரம் ஏறவைத்துப் பார்த்தவர், தன் மூச்சை உள்பையில் ஒளித்து வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். அதைச் சொல்லிக் காட்ட சாலம்மாளுக்கு வாய் துறுதுறுத்திருக்க வேண்டும். அதற்குள் கோகிலவாணி முந்திக்கொண்டு, பெண்ணுக்கு அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை, அவள் நன்றாக இருக்கிறாள் என்றாள்.

"எனக்கும் இருக்குதுங்க" என்றாள் அன்பரசி.

போனை எங்கே திருப்புவது என்று தெரியாமல் கோகிலவாணி அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். குரல் அதற்குள்ளிருந்தும் வந்தது. பனி நாளிலும் தூசியிலும் வரும், பையில் மருந்து வைத்திருப்பேன், மற்ற நாளில் ஒன்றும் தெரியாது என்றாள். முன்னால் வந்த இடங்களில் மறைக்காமல் சொன்னோம், சொன்னதாலேயே எல்லாம் போயின. அதனால் இந்தத் தடவை சொல்லக்கூடாது என்று மாமா முடிவு செய்தார், நானும் வாயை மூடிக்கொண்டேன் என்றாள். உங்கள் வீட்டுச் சிலிண்டரைப் பற்றிக் கேள்விப்பட்டபோது, நமக்குத் துணைக்கு ஆள் இருக்கிறது என்று எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாகக்கூட இருந்தது என்றாள். அதைச் சொல்லும்போது அவளுக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது. யாரும் கூடச் சிரிக்கவில்லை.

முனிராஜ் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வையைத்தான் துடைக்கிறார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்ட மாதிரி காட்டிக்கொண்டார்கள். அப்பா இல்லாத பெண்ணை ஒரு நல்ல இடத்தில் கொடுத்துவிட வேண்டும் என்பதைத் தவிர அந்த மனுஷன் வேறு ஒரு பாவமும் செய்யவில்லை. எழுந்து நின்று, கிளம்புகிறோம் என்றார். காரைப் பார்த்துக் கோகிலவாணியும் நகர்ந்தாள்.

மாதேஷ் அம்மாவைப் பார்த்தான். சாலம்மாளின் உதடு இறுகி இருந்தது. அந்த உதடு அப்படி இறுகினால் அடுத்து வருகிற வார்த்தையை யாராலும் திருப்பி வாங்க முடியாது என்பது அவனுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். அவளுக்கு முன்னால் பேசிவிட வேண்டும். என்ன பேசுவது? உங்களைப் பிடித்திருக்கிறது என்று இத்தனை பேர் நடுவில் ஒரு போனைப் பார்த்துச் சொல்கிற வழக்கம் அவன் வம்சத்திலேயே கிடையாது. கோகிலவாணிக்குக் குறுக்கே போய் நின்றான். போனை ஒருதரம் இப்படித் திருப்புங்கள் என்று கேட்டான். அன்பரசி அழுது மூக்கு சிவந்து தெரிந்தாள்.

"ராகி அடிக்கற களம் எங்க வூட்டுக்குப் பின்னாலயே இருக்குதுங்க" என்றான். "அடிக்கற நாள்ல தூசி உள்ள வரும். அதக் கெணத்து மேட்டுக்கு மாத்திடறேங்க."

முனிராஜ் கார்க் கதவில் வைத்த கையை எடுத்தார்.

"அதெல்லாம் முடியாது" என்றாள் சாலம்மாள்.

சாலம்மாள் விடுவிடுவென்று வந்து, கோகிலவாணி கையிலிருந்து போனை வாங்கி, முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள்.

"இவன் பேச்சக் கேக்காத கண்ணு. கெணத்து மேட்டுல இருந்துதான் வூட்டுக்குக் காத்தே வருது, அங்க களம் போட்டா அவ்ளோ தூசியும் உன் மேலதான் வுழும். ரோட்டோரக் காட்டுக்கு மாத்திக்கலாம்."